ஒளியை அளந்த பெண்மணி

(இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவி)

சினிமா பார்த்துவிட்டு வெளியே வரும்போது நாம் யாரைப் பற்றிப் பேசுகிறோம்? கதாநாயகனைப் பற்றிப் பேசுகிறோம். பாட்டைப் பற்றிப் பேசுகிறோம். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் டைரக்டரைப் பற்றிப் பேசுவார்கள். இரண்டரை மணி நேரம் யாருடைய கண்ணை இரவல் வாங்கிப் படம் பார்த்தோமோ, அவரைப் பற்றி மட்டும் ஒருவரும் பேசுவதில்லை. அவர்தாம் ஒளிப்பதிவாளர்.

சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் ‘சின்ன வீடு’ படம் ஓடியது. பாக்யராஜ் இயக்கி நடித்து 1985-இல் வெளிவந்த படம். என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனவே எழுத்து ஓடும்போது நான் பெயர்களை வாய்விட்டுப் படிப்பதும், அம்மா கேட்டுக்கொண்டே வேலை பார்ப்பதும் எங்கள் வீட்டு வழக்கம். அன்று ஒளிப்பதிவாளர் பெயராக ‘பி. ஆர். விஜயலட்சுமி’ என்று படித்தேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது. “என்னடி சொல்றே, பொம்பளையா காமிரா புடிச்சாங்க? அந்தக் காலத்துலயேவா? அவங்களை யாரு நம்பி விட்டாங்க?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பதிலைத் தேடிப் போனதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் ஒளிப்பதிவாளரின் வேலை என்னவென்று பார்த்துவிடுவோம். காமிராவைப் பிடிப்பவர்தாம் ஒளிப்பதிவாளர் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் பெரிய படங்களில் காமிராவை இயக்குவதற்கென்றே தனியாக ஒருவர் இருப்பதுண்டு. ஒளியை ஆள்வதே ஒளிப்பதிவாளரின் வேலை. ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வரவேண்டும், எவ்வளவு வரவேண்டும், என்ன நிறத்தில் வரவேண்டும், எங்கே வரவே கூடாது என்று முடிவு செய்பவர் அவர். இதில் கலை பாதி என்றால் மீதிப் பாதி நமது ஒளியியல் பாடமேதான். மிகைப்படுத்திச் சொல்லவில்லை, கணக்கைக் காட்டுகிறேன், நீங்களே பாருங்கள்.

திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. காமிராவுக்குள் அரைவட்ட வடிவில் ஒரு தகடு சுழன்றுகொண்டே இருக்கும். ஒரு படத்துக்குரிய நேரத்தில் பாதியில் அது ஒளியை மறைக்கும். மறு பாதியில் திறந்துவிடும். ஆக ஒவ்வொரு படமும் ஒளியைப் பெறும் நேரம் ஒரு நொடியில் 48-இல் ஒரு பங்கு. அந்தச் சிறு பொழுதில் படச்சுருளுக்குத் தேவையான ஒளி, கூடாமலும் குறையாமலும், போய்ச் சேரவேண்டும். லென்சின் வாயைத் திறந்து மூடுவதற்கு ஓர் வளையம் உண்டு. அதில் 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று எண்கள் பொறித்திருக்கும். இந்த எண்கள் ஏன் இப்படி விசித்திரமாக இருக்கின்றன என்று நான் வெகுநாள் விழித்ததுண்டு. ஒவ்வோர் எண்ணையும் இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் அடுத்த எண் வரும். ஒரு படி ஏறினால் உள்ளே போகும் ஒளி சரியாகப் பாதியாகும். இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல முடியாது.

இத்தோடு முடியவில்லை. விளக்கை நடிகரிடமிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் வைத்து அளந்த ஒளி, இரண்டு மீட்டருக்குப் போனால் பாதியாகாது, கால் பங்காகிவிடும். எதிர் இருபடி விதியை நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோம். ஒளிப்பதிவாளரோ கதாநாயகி இரண்டடி முன்னால் நகர்ந்து வசனம் பேசும் ஒவ்வொரு முறையும் அதை நினைக்க வேண்டியவர். நிறத்துக்கும் கணக்கு உண்டு. பகல் வெளிச்சத்தின் நிற வெப்பநிலை ஏறத்தாழ 5500 கெல்வின். ஸ்டூடியோவில் எரியும் டங்ஸ்டன் விளக்கு 3200 கெல்வின். நம் கண் இரண்டையும் வெள்ளை என்றே ஏற்றுக்கொண்டுவிடும். படச்சுருள் அப்படி ஏமாறாது. டங்ஸ்டன் ஒளிக்கென்று செய்த சுருளை அப்படியே வெயிலில் ஓட்டினால் ஊரே நீலமாகத் தெரியும். அதைச் சரிசெய்ய 85 என்ற எண்ணுள்ள ஆரஞ்சு நிற வடிகட்டியை லென்சின் முன்னால் பொருத்துவார்கள். அது ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடுவதால், 100 ஏ.எஸ்.ஏ. வேகமுள்ள சுருள் 64 வேகமுள்ளதைப் போல் நடந்துகொள்ளும். அதையும் கணக்கில் கழிக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திரையில் இரண்டு நிமிடம் ஓடும் ஒரு காட்சியைக் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி மாலை நான்கு மணி வரை எடுப்பார்கள். அதற்குள் சூரியன் கிழக்கிலிருந்து மேற்குக்குப் போய்விடுகிறது. நடுவில் மேகம் வருகிறது. ஆனால் கதையில் கணவனும் மனைவியும் திண்ணையில் பேசுவது இரண்டே நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் நிழல் திண்ணையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடினால் கொட்டகையே சிரிக்கும். சூரியனை நிற்கச் சொல்ல முடியாது. ஆகவே வெள்ளைத் துணியும், தகரத் தாள் ஒட்டிய பலகையும், கரிய திரையும் கொண்டு ஒளிப்பதிவாளர் அதை நிறுத்திக் காட்டுகிறார்.

நிற்க. அம்மா கேட்டது இதையன்று. “யாரு நம்பி விட்டாங்க?” என்பதே அவர் கேள்வி. யோசித்துப் பார்த்தால் அதுதான் சரியான கேள்வி என்று தோன்றுகிறது.

இன்று படப்பிடிப்பில் எடுக்கும் காட்சியை அங்கேயே ஒரு சிறு திரையில் எல்லாரும் பார்க்கிறார்கள். பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி எடுக்கிறார்கள். 1980-களில் அப்படியில்லை. 400 அடிச் சுருளைக் காமிராவில் மாட்டினால் நான்கரை நிமிடம்கூட முழுதாக ஓடாது. சுருளோ விலை அதிகம், வெளிநாட்டிலிருந்து வரவேண்டியது. நமது உதகமண்டலத்தில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை இருந்தபோதிலும், வண்ணப் படம் எடுக்கும் நெகடிவுக்கு அயல்நாட்டையே நம்பியிருந்தார்கள். எடுத்த சுருளை இருட்டிலேயே பெட்டியில் வைத்து மூடி, சென்னையில் லாபரட்டரிக்கு அனுப்பி, கழுவிப் பிரதி எடுத்து, திரையிட்டுப் பார்த்த பிறகுதான் படம் விழுந்ததா இல்லையா என்பது தெரியும். அதற்குள் செட்டைப் பிரித்திருப்பார்கள். நடிகர் வேறு படத்துக்குப் போயிருப்பார். அதுவரை அந்தக் காட்சி எப்படி வந்திருக்கிறது என்பது உலகத்தில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும். கையில் ஒளிமானியை வைத்துக்கொண்டு “சரி, எடுக்கலாம்” என்று சொன்னாரே, அவருக்கு. தயாரிப்பாளர் தம் பணத்தையும், டைரக்டர் தம் பெயரையும் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒருவர் கையில் ஒப்படைக்க வேண்டியிருந்தது.

இப்படிக் காணாமலே நம்ப வேண்டிய தொழிலில் புதியவரை உள்ளே விடமாட்டார்கள். ஒரு பையன் சுருள் மாற்றும் வேலையில் சேருவான். பிறகு நாடாவைப் பிடித்துத் தூரத்தை அளந்து லென்சைத் திருப்புவான். பல வருடம் கழித்து உதவியாளராவான். குருநாதர் வராத ஒரு நாளில் ஒரு ‘ஷாட்’ எடுப்பான். அந்த ஒரு ஷாட் நன்றாக வந்துவிட்டால் அவனுக்கு விடிந்தது. இந்த ஏணியின் முதல் படியிலேயே பெண்ணுக்கு இடமில்லை. இரவு பகல் பாராமல் வெளியூர்ப் படப்பிடிப்பு, லாரியில் பயணம், பத்துப் பேர் தங்கும் அறை. அங்கே எந்த வீட்டில் பெண்ணை அனுப்புவார்கள்? காமிராவின் எடை பெண்ணால் தாங்க முடியாது என்று காரணம் சொல்வது பிற்பாடு வந்தது என்றே நான் கருதுகிறேன். ஸ்டூடியோவில் வைத்திருந்த மிட்செல் காமிராவை எந்த ஆணும் தனியாகத் தூக்கியதில்லை. அதற்குச் சக்கர வண்டி உண்டு. வெளியில் எடுத்துச் சென்ற ஆரிஃப்ளெக்ஸ் 2-சி காமிராவோ தோளில் வைத்து ஓடக்கூடிய அளவுக்குச் சிறியது. எங்கள் ஊரில் பெண்கள் தலையில் சுமக்கும் செங்கல்லின் எடையை யாரும் கேட்டதில்லை.

இத்தகைய தொழிலில் விஜயலட்சுமி எப்படி நுழைந்தார்? அவர் பி. ஆர். பந்துலுவின் மகள். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959), ‘கப்பலோட்டிய தமிழன்’ (1961), ‘கர்ணன்’ (1964), ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965) ஆகிய படங்களை இயக்கிய அதே பந்துலு. சிறு வயதிலேயே தந்தையோடு படப்பிடிப்புத் தளங்களுக்குச் சென்று வந்தவர். விளக்குகளின் வெப்பமும், “ஆரம்பிக்கலாம்” என்ற குரலும் அவருக்கு வீட்டுச் சமாசாரம். நமக்குத் தறிச் சத்தம் எப்படியோ, அவருக்கு அது அப்படி.

இங்கே ஒரு நிமிடம் நின்று உண்மையைப் பேச வேண்டும். அவர் பெரிய இடத்துப் பெண், அதனால்தான் முடிந்தது என்று என் தோழி ஒருத்தி இதைக் கேட்டவுடன் சொன்னாள். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சேர்க்கை விண்ணப்பத்தை நிரப்புவதற்குக்கூட என் வீட்டில் ஆள் இல்லை. பக்கத்துத் தெருத் தையற்கடை அண்ணன்தான் நிரப்பிக் கொடுத்தார். எனவே தந்தையின் பெயர் எவ்வளவு பெரிய சாவி என்பது அது இல்லாதவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பந்துலு 1974-இல் காலமாகிவிட்டார். விஜயலட்சுமி ஒளிப்பதிவுத் துறைக்கு வந்தது 1980-ஆம் ஆண்டையொட்டி. தந்தை கைப்பிடித்து அழைத்துச் சென்று விட்ட இடமன்று அது. அவர் பெயர் கதவைத் திறந்திருக்கலாம். ஆனால் ஒளிமானியில் முள் எங்கே நிற்கிறது என்பதைத் தந்தையின் பெயர் பார்த்துச் சொல்லாது. சுருளுக்குச் சிபாரிசு தெரியாது.

அவருக்குக் குருவாக வாய்த்தவர் ஒளிப்பதிவாளர் அசோக்குமார். மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979) பார்த்தவர்களுக்கு அவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. அதுவரை நம் படங்களில் வீட்டுக்குள் நள்ளிரவு என்றாலும் ஆளுக்கு ஐந்து நிழல் விழும், அத்தனை விளக்கு. அசோக்குமாரும் பாலு மகேந்திராவும் சன்னலில் இருந்து வரும் ஒளி சன்னலில் இருந்தே வரட்டும் என்று விட்டார்கள். முகத்தில் பாதி இருட்டாக இருந்தாலும் பரவாயில்லை என்று துணிந்தார்கள். அந்தத் துணிவில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒளியைக் கொட்டுவது எளிது, குறைப்பதுதான் கடினம். குறைத்தால் எங்கே படம் விழாமல் போய்விடுமோ என்ற அச்சம் ஒவ்வொரு நாளும் இருக்கும்.

1980-இல் வெளிவந்த ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’ படத்தில் விஜயலட்சுமி அசோக்குமாருக்கு உதவியாளராகச் சேர்ந்தார். அப்படத்துக்காக அசோக்குமாருக்குத் தேசிய விருது கிடைத்தது. ஒரு மாணவருக்கு அதைவிட நல்ல வகுப்பறை வேறு ஏது?

இந்த இடத்தில்தான் எனக்கு மிகவும் சுவையாகப் பட்ட ஒரு செய்தி வருகிறது. அதே அசோக்குமாரிடம் இன்னொரு பெண்ணும் காமிரா உதவியாளராக இருந்தார். சென்னைத் திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்றவர். அவரைப் பார்த்த மகேந்திரன், காமிராவுக்குப் பின்னாலிருந்து முன்னால் அழைத்து அதே ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’ படத்தின் கதாநாயகியாக்கிவிட்டார். அவர்தான் சுஹாசினி! அவர் எவ்வளவு பெரிய நடிகையானார் என்பது நாடறிந்த செய்தி. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் நினைத்துப் பார்க்கிறேன். ஒரே குருவிடம் இரண்டு பெண்கள். ஒருவரைப் பார்த்தவுடன் ‘இவர் நடிக்கலாமே’ என்று கலையுலகுக்குத் தோன்றிவிட்டது. உதவியாளராக இருந்த எத்தனை ஆண்களைப் பார்த்து அப்படித் தோன்றியிருக்கும்? பெண்ணைப் பார்க்கத்தான் நமக்குப் பழக்கம். பெண் பார்ப்பது பழக்கமில்லை.

விஜயலட்சுமி பின்னாலேயே நின்றார். ஓராண்டு ஈராண்டு அல்ல; ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் உதவியாளராகவே உழைத்தார். ரஜினிகாந்தும் ரேவதியும் நடிக்க மகேந்திரன் இயக்கிய ‘கை கொடுக்கும் கை’ (1984) அவற்றுள் ஒன்று. அதற்கடுத்த ஆண்டு பாக்யராஜ் தமது ‘சின்ன வீடு’ படத்தின் ஒளிப்பதிவை அவரிடம் ஒப்படைத்தார். தனிப்பொறுப்பில் அவர் செய்த முதல் படம் அதுவே. ஆசியாவின் முதல் பெண் ஒளிப்பதிவாளர் என்று பத்திரிகைகள் இன்றும் அவரைக் குறிப்பிடுகின்றன.

பாக்யராஜ் அப்போது புகழின் உச்சியில் இருந்தவர். 1983-இல் ‘முந்தானை முடிச்சு’ நாடெங்கும் ஓடியிருந்தது. அவர் படமென்றால் வியாபாரம் முன்கூட்டியே நடந்துவிடும். அப்படிப்பட்டவர் விலையுயர்ந்த சுருளையும், இருட்டில் இருக்கும் தம் படத்தையும், இதுவரை தனியாக ஒரு படம்கூடச் செய்யாத ஒரு பெண்ணின் கையில் கொடுத்தார். அம்மாவின் கேள்விக்கு நேரான பதில் இதுதான்: முதலில் அசோக்குமார் நம்பினார், அந்த நம்பிக்கையைப் பார்த்து பாக்யராஜ் நம்பினார். பாக்யராஜின் படம் நகைச்சுவையும் குடும்பக் கதையும் கலந்தது. இருட்டும் மௌனமும் நிறைந்த மகேந்திரன் படம்போல் அன்று. வீட்டுக் கூடம், சமையலறை, முகபாவம் என்று எல்லாம் பளிச்சென்று தெரியவேண்டிய படம். கேட்டவருக்குக் கேட்ட ஒளியைக் கொடுப்பதும் ஒளிப்பதிவாளரின் திறமையே. தன் குருவின் பாணி இது, ஆகவே எல்லாப் படத்துக்கும் இதையே செய்வேன் என்று அவர் நிற்கவில்லை. அதன்பின் இருபதுக்கும் மேற்பட்ட படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தார். ஒரு படம் செய்துவிட்டு ‘முதல் பெண்’ என்ற பட்டத்தோடு வீட்டுக்குப் போனவர் அல்லர் என்பதை இந்த எண்ணிக்கையே சொல்லும்.

நம் நாடு பின்தங்கியது, அதனால்தான் இப்படி என்று சிலர் கூறுவதுண்டு. அமெரிக்காவைப் பாருங்கள். அமெரிக்க ஒளிப்பதிவாளர் சங்கம் தொடங்கியது 1919-இல். அதில் முதல் பெண் உறுப்பினர் சேர்ந்தது 1980-இல். பிரையன் மர்ஃபி என்பது அவர் பெயர். பெயரைக் கேட்டால் ஆண் என்றே நினைக்கத் தோன்றும். அதே ஆண்டில் ‘ஃபாட்ஸோ’ என்ற படத்தின் மூலம், ஒரு பெரிய ஹாலிவுட் ஸ்டூடியோ படத்துக்கு ஒளிப்பதிவு செய்த முதல் பெண் ஆனார். அந்தப் படத்தை இயக்கியவர் ஆன் பான்கிராஃப்ட் என்ற நடிகை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆஸ்கார் விருதோ இன்னும் மோசம். ஒளிப்பதிவுக்கான பரிந்துரைப் பட்டியலில் முதன்முதலாக ஒரு பெண்ணின் பெயர் இடம்பெற்றது 2018-இல், 90-ஆவது விருது விழாவில். ‘மட்பவுண்ட்’ என்ற படத்துக்காக ரேச்சல் மாரிசன். நம் விஜயலட்சுமி ‘சின்ன வீடு’ முடித்து அப்போது 33 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மர்ஃபி தம் வாழ்நாளில் பெரும்பாலும் உழைத்தது தொலைக்காட்சித் தொடர்களில். விஜயலட்சுமியும் பின்னாளில் அந்தப் பக்கம் வந்தவர்தாம். 1995-இல் ‘பாட்டுப் பாடவா’ என்ற படத்தை அவரே இயக்கினார். எஸ். பி. பாலசுப்பிரமணியம், ரகுமான், லாவண்யா நடித்தது, இசை இளையராஜா. அதே 1995-இல் சுஹாசினியும் ‘இந்திரா’ என்ற படத்தை இயக்கினார். ஒரே காமிராவின் பின்னால் தொடங்கிய இருவரும் பதினைந்து ஆண்டு வெவ்வேறு பாதையில் நடந்து ஒரே ஆண்டில் டைரக்டர் நாற்காலியில் அமர்ந்தது கதையில் வந்தால் நாம் நம்பமாட்டோம்.

அதன்பிறகு ‘மாய மச்சீந்திரா’, ‘வேலன்’ போன்ற தொலைக்காட்சித் தொடர்களில் விஜயலட்சுமி பணியாற்றினார். சினிமாவிலிருந்து டி.வி.க்கு வந்தால் இறங்கி வந்ததாகப் பேசுவது நம் ஊர் வழக்கம். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சினிமாவில் ஒரு நாள் முழுவதும் உழைத்து இரண்டு மூன்று நிமிடக் காட்சி எடுப்பார்கள். நெடுந்தொடரில் ஏறக்குறைய ஒரு நாளுக்கு ஒரு பகுதியே முடிந்தாக வேண்டும். ஒவ்வொரு கோணத்துக்கும் விளக்கை மாற்றிக்கொண்டிருக்க நேரமில்லை. நடிகர் எங்கே நின்றாலும் முகம் தெரியும்படி ஒரே முறையில் விளக்குகளை அமைக்க வேண்டும். அந்நாளைய குழாய் டி.வி.யில் இருட்டுக் காட்சி வந்தால் சேறு போலத்தான் தெரியும். நடு வீட்டில் குழல்விளக்கு எரிய, பிள்ளைகள் குறுக்கே ஓட, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கும் அம்மாவுக்கும் கதை தெரியவேண்டும். கொட்டகையின் இருட்டில் வேலை செய்த நுட்பமான நிழல்கள் அங்கே வேலைக்காகாது. புதிதாகக் கற்கவேண்டும்.

அத்தோடு மந்திர தந்திரக் கதைகளில் மாயம்தானே பிரதானம்! ஆள் மறைவதும், ஒருவர் இருவராவதும் படச்சுருள் காலத்தில் காமிராவுக்குள்ளேயே செய்த வித்தைகள். இரட்டை வேடக் காட்சியை எப்படி எடுத்தார்கள் என்று தெரிந்தால் வியப்பீர்கள். காமிராவை அசையாமல் நிறுத்தி, லென்சின் முன்னே பாதியைக் கரிய அட்டையால் மறைத்து, நடிகரை இடப்பக்கம் நிற்கவைத்து எடுப்பார்கள். பிறகு அதே சுருளைப் படம் பிசகாமல் எண்ணிப் பின்னால் சுற்றி, அட்டையை மறுபக்கம் மாற்றி, அதே நடிகரை வேறு உடையில் வலப்பக்கம் நிறுத்தி மீண்டும் எடுப்பார்கள். ஒளி மயிரிழை மாறினாலும் நடுவில் கோடு விழுந்து குட்டு வெளிப்பட்டுவிடும். இந்த வித்தைகளெல்லாம் பின்னர் கம்ப்யூட்டருக்கு மாறின. ஆனால் ஒளி எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்பது தெரியாதவர் கம்ப்யூட்டரில் வரைந்த அசுரனும், செட்டில் நிற்கும் தேவரும் ஒட்டவே மாட்டார்கள். சினிமா ஒளிப்பதிவின் அறிவு சின்னத்திரைக்குத் தேவைப்பட்ட இடம் இது. பல ஆண்டுகளுக்குப் பின் 2018-இல் ‘அபியும் அனுவும்’ என்ற படத்தை விஜயலட்சுமி இயக்கினார். டொவினோ தாமஸ், பியா பாஜ்பாய் நடிக்க, தமிழிலும் மலையாளத்திலும் எடுத்த படம் அது.

அவருக்குப் பின் யார் வந்தார்கள் என்று தேடினேன். கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது. 1985-இல் திறந்த கதவு வழியே வரிசையாகப் பெண்கள் வந்திருக்க வேண்டும் அல்லவா? அப்படி நடக்கவில்லை. நடிகை ரேவதி தாம் இயக்கிய ‘மித்ர், மை ஃபிரண்ட்’ (2002) படத்துக்கு ஒளிப்பதிவாளராக ஃபௌசியா ஃபாத்திமாவை அமர்த்திக்கொண்டார். ‘அபியும் நானும்’ (2008) படத்தின் ஒளிப்பதிவு ப்ரீதா. ‘குட்டி ஸ்ராங்க்’ என்ற மலையாளப் படத்துக்காக அஞ்சுலி சுக்லா 2009-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதைப் பெற்றார். கதைப்படங்களின் ஒளிப்பதிவுக்கு அவ்விருதைப் பெற்ற முதல் பெண் அவரே. 2017-இல் இந்தியப் பெண் ஒளிப்பதிவாளர்கள் ஒன்றுகூடித் தமக்கென ஓர் அமைப்பை ஏற்படுத்திக்கொண்டார்கள்.

இவர்களைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு ஒன்று புலப்பட்டது. இத்துறைக்கு இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று வீட்டு வாசல். விஜயலட்சுமி வந்தது அவ்வழியே. ப்ரீதாவும் ஒளிப்பதிவாளர் பி. சி. ஸ்ரீராமின் உறவினர். இன்னொன்று கல்லூரி வாசல். ஃபௌசியா ஃபாத்திமாவும் அஞ்சுலி சுக்லாவும் புனே திரைப்படக் கல்லூரியில் படித்து வந்தவர்கள். முதல் வாசல் நல்ல வாசல்தான். ஆனால் அது அந்த வீட்டில் பிறந்தவர்களுக்கு. என் அப்பா தறி ஓட்டுகிறார். எனக்கு இருப்பது இரண்டாவது வாசல் ஒன்றே. புனேயில் எந்தப் பாடத்திலும் பட்டம் பெற்றவர் நுழைவுத் தேர்வு எழுதலாம். இங்கே தரமணியில் நம் தமிழக அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரி இருக்கிறது; அங்கும் ஒளிப்பதிவு ஒரு பாடம். எழுதப் போகிறேன் என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இந்த மலர் வெளிவரும்போது அம்மாவுக்கு நானே வாசித்துக் காட்டினால்தான் தெரியும். ஆகவே துணிந்து எழுதிவிட்டேன்.

கடைசியாக ஒரு சொந்தக் கதை. தை மாதம் எங்கள் பெரியப்பா மகளுக்குத் திருமணம். வீடியோ எடுக்க வந்தவரிடம் மெதுவாகப் போய், ஐந்து நிமிடம் காமிராவைப் பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். “வேணாம் பாப்பா, கீழே போட்டுட்டா யார் பொறுப்பு? ஆசையா இருந்தா லைட்டைப் புடிச்சுக்க. பையன் சாப்பிடப் போயிருக்கான்” என்றார். பிடித்துக்கொண்டேன். மணமேடையில் அக்காவுக்கு மிக நெருக்கமாக நிற்கச் சொன்னார். அக்கா நல்ல மாநிறம். அன்று பூசியிருந்த பவுடரில் விளக்கு வெளிச்சமும் சேர்ந்து சின்னத்திரையில் அவள் முகம் வெள்ளைக் காகிதம்போல் தெரிந்தது. மூக்குத்தியும் தெரியவில்லை, அழுகிறாளா சிரிக்கிறாளா என்பதும் தெரியவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் மூன்றடி பின்வாங்கினேன். விளக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பினேன்.

அவர் சின்னத்திரையைப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். “அங்கேயே நில்லு, நகராதே” என்றார்.

தாலி கட்டும்வரை அங்கேயே நின்றேன். சாப்பிட்டுவிட்டு வந்த பையன் விளக்கைக் கேட்டதற்கு, “இருக்கட்டும்டா, அது புடிக்கட்டும்” என்று சொல்லிவிட்டார். மாசி மாதத்தில் பக்கத்து ஊரில் ஒரு திருமணத்துக்கும் விளக்குப் பிடிக்க வரச் சொல்லியனுப்பினார், போய் வந்தேன். காமிராவை இன்னும் தரவில்லை.